பல் பதிந்த ஈயச் சக்கரங்கள்

இரும்பைக் கடித்தால் பல் கூசும். பித்தளையைக் கடித்தால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறும். ஈயத்தைக் கடித்தால் மட்டும் வாய்க்கு ஒரு சங்கடமும் தெரியாது. வெயிலில் வைத்த கருப்பட்டியைப் போலச் சற்றே முரண்டு பிடித்துவிட்டு மெல்லப் பல்லுக்கு வழிவிடும், வாயை எடுத்துப் பார்த்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் அச்சடித்தாற்போலப் பதிந்திருக்கும். எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் அந்த உணர்ச்சி பழக்கம். எங்கள் வண்டிச் சக்கரங்களில் நாங்கள் பெயர் எழுதவில்லை, எழுதத் தெரிந்தவர்களும் அதிகமில்லை; பல்லால்தான் முத்திரை வைத்தோம்.

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர் எவரும் தம் பூட்டின் நெற்றியில் தமக்கென்று ஒரு குறி அடிக்காமல் வெளியே விடுவதில்லை. குறி இல்லாத பூட்டை அநாதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல்தான் கடைக்காரர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் பையன்களுக்கும் தொற்றியிருந்தது. பம்பரமானாலும் கோலியானாலும் குறி வேண்டும். குறி இல்லாதது கண்டெடுத்தவனுக்குச் சொந்தம். ஈயச் சக்கரம் வந்தபோது, அதில் குறி அடிக்க எங்களிடம் உளியும் இல்லை, அச்சும் இல்லை. பல் இருந்தது.

நான் சொல்வது சுமார் பத்து வருஷத்துக்கு முந்திய கதை. எங்கள் அய்யா தோல்ஷாப்பில், பதனிடுகிற தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். முழங்கால் வரை, முழங்கை வரை சுண்ணாம்பு தின்று தோல் வெளுத்து வெடித்திருக்கும். சாப்பிட உட்காரும்போது விரல் வெடிப்பில் வெஞ்சனத்தின் காரம் பட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு உருண்டையை விழுங்குவார். அம்மா புகையிலைக் கிட்டங்கிக்குக் காம்பு கிள்ளப் போவாள். நாங்கள் மூன்று ஆண் பிள்ளைகள். மூத்தவன் அந்தோணி, நடுவில் நான், கடைசி சின்னப்பன், எங்களுக்குச் சின்னு. அந்தோணி அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று அய்யாவுக்குத் தோன்றியபோது அவனுக்கு வயது கடந்துவிட்டது, அவன் லாரி ஷெட்டில் வண்டி கழுவப் போய்விட்டான். ஆகையால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்தவன் நான். எனக்கு அடுத்து சின்னு என்பது வீட்டில் பேசி முடித்திருந்த விஷயம்.

சின்னு அதற்குத் தயாராகவே இருந்தான். நான் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது என் எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடியே எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். அதனால் தலைகீழாக இருந்தால்தான் அவனுக்கு வாசிக்க வரும். அய்யா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். "இவன் கலெக்டர் ஆனா கலெக்டர் ஆபீசையே கவுத்து வச்சுத்தான்டா வேலை பாப்பான்" என்பார். அய்யா கேலி பேசியதாக எனக்கு நினைவில் நிற்பது அநேகமாக அந்த ஒன்றுதான்.

எங்கள் விளையாட்டு 'குச்சிக் கார்'. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மடக்கி ஒரு முழ நீளத்துக்கு உடம்பு செய்து, முன் அச்சு இரு பக்கமும் திரும்புகிற மாதிரி ஓர் ஆணியில் நிறுத்தி, அந்த அச்சிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டுவந்து, குச்சியின் தலையில் கம்பியை வளைத்து 'ஸ்டேரிங்' வைப்போம். வண்டி முன்னால் ஓடும், ஓட்டுகிறவன் நிமிர்ந்தபடி பின்னால் ஓடுவான்; தரையில் போகிற காரை எட்டி நின்று திருப்புகிற அந்தச் சுகம், உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக்கூடக் கிடைக்காது என்று அப்போது நம்பினோம். குறை எல்லாம் சக்கரத்தில்தான். தோல்ஷாப்பில் கழித்துப் போட்ட கெட்டித் தோலை வட்டமாக வெட்டிச் சக்கரம் போட்டோம். ஒரு மழைக்கு ஊறி அப்பளம்போல் நெளிந்துவிட்டது. தையற்கடையில் கெஞ்சி வாங்கிய நூற்கட்டை உருளைகள் கொஞ்சநாள் ஓடி, வெயிலில் வெடித்தன. இந்த நிலைமையில்தான் அந்தோணி அண்ணன் லாரி ஷெட்டிலிருந்து ஈயம் கொண்டுவந்தான்.

ஷெட்டுக்குப் பின்னால் செத்துப்போன பாட்டரிகளை உடைத்துக் குவித்திருப்பார்கள். கறுப்புப் பெட்டிக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள். தட்டினால் செங்காவியும் சாம்பலுமாக மாவு உதிரும், உதிர்ந்தது போக நிற்கிற கம்பிக் கூடுதான் ஈயம். அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவான். லாரிகள் பகலெல்லாம் ஓட்டத்தில் இருக்கும், கழுவலும் துடைப்பும் காலையிலும் பொழுது சாய்ந்தும்தான் என்பதால், உச்சிப் பொழுதில் அவன் வீட்டில் இருப்பான். அம்மா கிட்டங்கியில், அய்யா குழியில், நான் பள்ளிக்கூடத்தில். சின்னுவைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. தெருவில் விட்டால் லாரிக்கு அடியில் போய்விடுவான் என்று பயந்து, கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று அவன் கையில் ஊதுகுழலைக் கொடுத்து அடுப்பு ஊதவைத்தான் அண்ணன். வீட்டுப் பின்சுவருக்கும் ஓலைத் தட்டிக்கும் நடுவே, காற்று நுழையாத ஒரு சந்து. காற்றடித்தால் நெருப்பு ஒரே சீராக எரியாது என்று அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவனும் அவன்தான்.

கொட்டாங்குச்சி நெருப்பில் பழைய இரும்புக் கரண்டியை வைத்தால், ஈயம் முதலில் வியர்க்கும், பிறகு திடீரென்று குழைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். மேலே படிகிற மஞ்சள் ஏட்டை அண்ணன் குச்சியால் ஒதுக்குவான். பொடி டப்பாவின் மூடிதான் அச்சு. மூடியின் நடுவில் களிமண் வைத்து ஆணியை நிறுத்தி, சுற்றிலும் ஊற்றினால், ஆறினதும் அச்சாணித் துளையோடு ஒரு சக்கரம் கழன்று விழும். மூடியில் ஈரம் இருந்தால் தெறித்துவிடும். அப்படித் தெறித்த தழும்பு ஒன்று அண்ணனின் முன்கையில் இன்றும் இருக்கிறது. ஆறின சக்கரத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குவது சின்னுவின் வேலை. துலக்கின புளியை அவன் வீணாக்குவதில்லை, வாயில் போட்டுக்கொள்வான். "இனிக்குதுண்ணே" என்பான். "புளி எங்கடா இனிக்கும்? நாக்கு புளிச்சுப் போச்சு ஒனக்கு" என்று அண்ணன் சிரிப்பான்.

முத்திரையும் சின்னுவுடையதுதான். எங்கள் வீட்டு வண்டிக்கு யார் பல் என்ற பேச்சு வந்தபோது, அவனுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்ததால் அந்த இடைவெளி எவன் வாயிலும் இல்லாத குறியாயிருக்கும் என்று அண்ணன் கண்டுபிடித்தான். ஆனால் பால்பல்லில் பலம் ஏது? நாங்கள் ஒரே கடியில் பதிக்கிறதை அவன் செத்த நேரம் மென்றுதான் பதிக்க முடியும். ஈயம் பாறையில் ஓடி ஓடித் தேயும், அவன் பல்தடமும் தேய்ந்துவிடும். மறுநாள் மதியம் மறுபடி கடிப்பான். மற்ற பையன்கள் சக்கரத்துக்கு ஒரு முறை கடித்தார்கள். சின்னு அன்றாடம் கடித்தான், சோறு தின்பதுபோல.

ஈயச் சக்கரத்தின் புகழ் பக்கத்துத் தெருவுக்கும் போயிற்று. அங்கே காதர் என்று எனக்கு ஒரு சிநேகிதன். அவன் அத்தா பதனிட்ட தோலை வாங்கி விற்கிறவர், ரங்கூனிலிருந்து திரும்பிய உறவினர் யாரோ கொடுத்த சாவி கார் ஒன்று அவனிடம் இருந்தது. சிவப்புத் தகரம், திருகினால் தானே ஓடும். வீட்டுச் சிமெண்டுத் தரையில் குதிரையாக ஓடுகிற அது, வெளியே கொண்டுவந்தால் மெல்லிய தகரச் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். காதர் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, "அந்தோணிண்ணே, இதுக்கும் நம்ம சக்கரம் போட்டுக் குடுங்கண்ணே. அத்தாவுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சு உங்க அய்யாகிட்டயே பதம் போடக் குடுத்துருவாரு" என்றான். அண்ணன் முதலில் நான்குக்கும் ஈயம் போட்டான். பாரம் தாங்காமல் உள்ளே சுருள் முனகியது, கார் அசையவில்லை. பின் இரண்டுக்கு மட்டும் போட்டு, அதையும் அரத்தால் இழைத்து மெலிதாக்கினான். இழைத்த துகள் சந்து முழுக்கப் பறந்தது. கார் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. காதர் அதன் பின்னாலேயே தவழ்ந்து போனான்.

பந்தயம் மலைக்கோட்டையின் அடிவாரத்துச் சரிவுப் பாறையில். பூட்டுப் பட்டறைத் தெருப் பையன்கள் வந்திருந்தார்கள். அவர்கள் வண்டிக்குக் கடைசல் பிடித்த பித்தளைச் சக்கரம். பார்க்கிறபோது எங்களுக்கு வாயில் எச்சில் ஊறியது உண்மை. அவர்கள் எங்களைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, தோல்ஷாப்பு வாடை முன்னால வந்துருச்சு. வண்டி எப்ப வரும்?"

"அந்த வாடைக்குப் பின்னாலதான் நீங்க வருவீங்க, இருங்க" என்றான் காதர்.

பித்தளை, பாறையில் கிறீச்சிட்டுக்கொண்டு வழுக்கியது; வளைவில் திருப்பினால் வண்டி ஒரு பக்கமும் குச்சி ஒரு பக்கமும் போயிற்று. எங்கள் ஈயம் பாறையை உடும்பு மாதிரிப் பற்றிக்கொண்டு, அண்ணன் ஸ்டேரிங்கைத் தொட்டால் போதும் என்கிற மாதிரித் திரும்பி, அடிவாரத்துப் புளியமரத்தை முதலில் தொட்டது. பாறை மேல் பென்சிலால் இழுத்தாற்போல் சாம்பல் கோடுகள் இரண்டு, மேலிருந்து கீழ்வரை. தோற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருவன் எங்கள் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எங்கள் தெருவில் காணாமற்போன ஈயம், திருட்டுச் சாமான் என்றான்.

"குறி இருக்குல்ல, பாரு" என்றான் அண்ணன்.

"பல்லு எல்லாருக்குந்தான் இருக்கு. கடிச்சுக் காட்டச் சொல்லு பாப்போம்."

ஜெயித்ததும் தூக்கிவைத்திருந்த சின்னுவை அண்ணன் தோளிலிருந்து இறக்கினான். மடியிலிருந்து ஒரு புது ஈயத்துண்டை எடுத்துக் கொடுத்தான். சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சின்னு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் புடைக்க, மென்றான். வாயிலிருந்து எடுத்து எச்சிலைச் சட்டையில் துடைத்து நீட்டினான். சக்கரத்தில் இருந்த அதே இடைவெளி, அதே சாய்வு. பட்டறைத் தெருப் பையன்களில் பெரியவன் இரண்டையும் வெகுநேரம் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிடா, ஒங்களுதுதான்" என்றான். காதர் சின்னுவைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடினான். அண்ணனின் முகம் அன்றைக்கு இருந்ததுபோல் அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு சின்னு சோற்றைத் தள்ளிவைக்க ஆரம்பித்தான். தொப்புளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவான். வெளிக்கும் சரியாகப் போகாது. பூச்சி என்றாள் அம்மா. விளக்கெண்ணெய் கொடுத்தாள், வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிப் போட்டாள். முகம் வெளிறிப்போய், எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறவனாக ஆனபோது, பயந்திருக்கிறான் என்றார்கள். கோயில் விளக்கில் எரிகிற எண்ணெயை வாங்கிவந்து நெற்றியில் தடவினோம். காதருடைய அம்மா தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து, "குடி அப்பு, நாளைக்கு எந்திரிச்சு ஓடுவே" என்று தன் கையாலேயே புகட்டினார். ஈறு ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கரித்தூளில்தான் பல் விளக்குவோம். வாயைச் சரியாகக் கொப்பளிக்கவில்லை என்று அம்மா அவனை அதட்டி, உப்பை வைத்து அந்தக் கோட்டைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அது போகவில்லை. அண்ணனுக்கும் அடிக்கடி வயிற்றைக் கடுக்கும். ஷெட்டு வாசல் டீயைக் குறை சொல்வான்.

பள்ளியில் சேர்க்கிற நாள் வந்தது. பிறந்த தேதி எழுதிவைக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சோதனை உண்டு, பலருக்கும் தெரிந்ததுதான்: வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் வயது வந்துவிட்டது, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். சின்னு கோடைக்கு முன்பே காதைத் தொட்டுவிட்டான். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தித் தொட்டுக் காட்டுவான். ஆகையால் அய்யா கவலையே படாமல், அரைநாள் வேலையை விட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அவனைக் கூட்டிவந்தார். அந்தப் பள்ளியில்தான் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியாகத் தலைமையாசிரியர் மேஜை தெரியும்.

"எங்க, காதைத் தொடு" என்றார் அவர்.

சின்னு கையைத் தூக்கினான். முன்கை தலைக்கு மேலே போயிற்று. ஆனால் மணிக்கட்டிலிருந்து கை எழவில்லை. ஈரத் துண்டைக் கொடியில் போட்டதுபோல விரல்கள் நெற்றிக்கு முன்னால் தொங்கின. அவன் இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக் காதுப்பக்கம் தள்ளப் பார்த்தான். வகுப்பில் சிரிப்புக் கிளம்பிற்று.

"ஏலே, நல்லாத் தொடுடா. வீட்ல தொட்டேல்ல?" என்றார் அய்யா. "வெக்கப்படுறான் சார்."

"வெக்கம் இல்லப்பா, பிள்ளைக்கு இன்னும் வயசு வரல. நல்லாச் சோறு ஊட்டி அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்றார் தலைமையாசிரியர். அன்பாகத்தான் சொன்னார். சோதனை சொல்லச் சொன்னதை அவர் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் அய்யா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வேணும்னே செய்யிறான். மூத்தவன மாதிரி ஷெட்டு ஷெட்டாச் சுத்தலாம்னு பாக்கான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தோணி அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான், கேட்டுக்கொண்டான். சின்னுவைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போனான். "பள்ளிக்கூடம் எங்க அப்பு ஓடிப்போகுது? அடுத்த வருஷம் போலாம். அதுவரைக்கும் ஒனக்குன்னு ஒரு வண்டி, யாரும் தொடக்கூடாது, சரியா?" என்று அவன் சொல்வது எங்களுக்குக் கேட்டது.

சொன்னபடி செய்தான். சாக்கு நிறைய ஈயம் கொண்டுவந்தான். பெரிய டப்பா மூடியைத் தேடி எடுத்துக் கனமான சக்கரங்கள் ஊற்றினான், 'பம்பர்' கூட ஈயத்தில் செய்தான். கை வராத தம்பி ஊதினால் நெருப்புப் பற்றாது என்று, அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு ஊதுகுழலைத் தானே பிடித்துக்கொடுத்தான். சின்னு அந்த வண்டியின் ஒவ்வொரு சக்கரத்திலும், பம்பரிலும், உள்ளும் புறமும் கடித்தான். கையில் பிடித்து விளையாட முடியாதவனுக்கு வாய்தான் கையாயிருந்தது. அண்ணன் பிரியத்தில் கொடுத்தான். அவனிடம் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, சின்னு வாந்தியெடுத்துவிட்டு என் பக்கத்தில் படுத்திருந்தவன், விறைத்தான். கண் மேலே செருகியது, பல் கிட்டிக்கொண்டது. அம்மா சாவியைக் கையில் திணித்தாள், இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று. அந்தக் கைதான் எதையும் பிடிக்காதே. சாவி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் அவனைச் சாக்கில் சுற்றி மாரோடு அணைத்து மழையில் ஓடினான், ஜட்கா கிடைக்கிற இடம் வரைக்கும் ஓடினான். ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். கஞ்சி, துவையல், வேறொன்றுமில்லை என்று அம்மா உள்ளபடி சொன்னாள். விஷக்காய் ஏதாவது தின்றானா? இல்லை. நாய் கடித்ததா? இல்லை. அவன் எதைக் கடித்தான் என்று கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்? எங்களுக்கே தோன்றவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிழைத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கூப்பிடவில்லை.

வண்டியை அண்ணன் எங்கே போட்டான் என்று தெரியாது. மழை ஓய்ந்ததும் கிளீனராக லாரியில் ஏறிவிட்டான். என் பள்ளிப் படிப்பு முழுவதும் அவன் லாரியில் ஓடிய பாதை நெடுகக் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அய்யாவின் கால்கள் குழியில் நிற்க முடியாமல் போன பிறகு வீடு அவன் ஒருவன் தோளில் நின்றது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் கம்பவுண்டர் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு காலையில், பழைய பாட்டரி உடைக்கிற கூலிக்காரர் ஒருவரைக் கட்டிலில் உட்காரவைத்து, பெரிய டாக்டர் தம் மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மருந்துத் தட்டோடு பின்னால் நின்றேன். கையை நீட்டச் சொன்னார். மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது. உதட்டைத் தூக்கினார், ஈறு விளிம்பில் பென்சிலால் இழுத்ததுபோல் கருநீலக் கோடு. ஈயம், என்றார். புகையாகவும் துகளாகவும் உள்ளே போகும், வாய் வழியாகவும் போகும், புளிப்பில் கரைந்தால் இனிக்கும், பெரியவர்களுக்குக் கையைப் பிடிக்கும், குழந்தைகளுக்கு மூளையைப் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அத்தனையும் புரிந்தது. அதைப் புரிந்துகொள்வதற்காகத்தான் என்னை அவ்வளவு பாடுபட்டுப் படிக்கவைத்தார்கள்போல் இருந்தது. நானும் ஈயத்தைக் கடித்தவன்தான். ஆனால் சந்தில் நெருப்பு எரிந்த மதியப் பொழுதுகளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் என்னைக் காப்பாற்றியது அங்கே சொல்லிக்கொடுத்த எதனாலும் அல்ல. வீட்டில் இல்லாதபடி உட்காரவைத்ததனால்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவன் இப்போது டிரைவர். சிறுமலை வாழைத்தாரும் ஆயக்குடிக் கொய்யாவும் ஏற்றுகிற குறுந்தூர ஓட்டங்களில், தன் பக்கத்துச் சீட்டில் சின்னுவை உட்காரவைத்து, விழாமலிருக்கத் துண்டால் கட்டிக்கொண்டுதான் போகிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "இவனுக்குச் சோறூட்ட ஒத்துக்கிறவளா இருந்தா பாருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறான். நான் போனபோது வாசலில் சின்னுவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். சின்னுவுக்கு மீசை முளைத்துவிட்டது. வெட்டுப்பட்டுவிடாமல், கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கத்தியை இறக்கினான்.

"ஏண்டா, அம்புட்டுப் பெரிய டாக்டருமாருக இருக்காகளே, நம்ம சின்னுக்கு என்ன வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான், தலை நிமிராமல்.

"கேட்டேண்ணே."

"என்ன சொன்னாக?"

கத்தி சின்னுவின் தொண்டைக்குழி அருகே நின்றது. அண்ணனின் முன்கைத் தழும்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"காய்ச்சல்தானாம். மூளைக்கு ஏறிருச்சாம்."

"அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றான். கத்தியை வழித்துத் துடைத்தான். பிறகு சின்னுவின் முகவாயைத் தூக்கி, "கேட்டியாலே? ஒண்ணும் இல்லியாம்" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்துக்குப் போனான்.

இப்போது ஷெட்டில் பாட்டரிகளைக் குப்பையில் கொட்டுவதில்லை, எடைக்கு வாங்கிப்போக ஆள் வருகிறது. சரிவுப் பாறையின் அடியில் வீடுகள் எழும்பிவிட்டன, கோடுகளை மழை கழுவிவிட்டது. காதர் கடையில் உட்கார்ந்துவிட்டான். திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் கார்கள் வந்துவிட்டதால் குச்சிக் கார் செய்ய எந்தப் பையனுக்கும் பொறுமையில்லை. ஆனால் ஈயம் எங்கேயும் போய்விடவில்லை. சென்ற மாதம் எரியோடு கிராமத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் பையன்கள் மீன்வலைக்குக் குண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை ஒன்று ஆறின குண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் தாயிடம் போய் விவரம் சொன்னேன்.

"நீங்க டாக்டருங்களா?" என்றாள்.

"கம்பவுண்டருக்குப் படிக்கிறேம்மா."

"அதான பாத்தேன்" என்றாள். குண்டைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவேதான் எழுதுகிறேன். குழந்தைகள் கையில் ஈயம் இருந்தால் வாங்கிவிடுங்கள். உருக்குகிற இடத்தில் அவர்களை நிற்கவிடாதீர்கள். கை தொங்கினால் வெட்கம் என்று நினைக்காதீர்கள். இதை அச்சில் என் அண்ணன் பார்க்கக்கூடும், ஆனால் அவனால் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் எழுத்து எதுவானாலும் நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். கேட்டானென்றால், பந்தயம் முடிகிற இடம் வரைக்கும் வாசிப்பேன்.